அண்ணனின் பெயரில்

என் தம்பி சிவதர்ஷன் ஆமிக்காரன். திருத்தமாகச் சொல்வதென்றால் ஆமியை விட்டு ஓடி வந்தவன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊருக்கே இது தெரியும். ஆனாலும் வெளியாள் யாராவது கேட்டால், "அவன் கட்டாரில இரிக்கான்" என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். எங்கள் வீட்டிலிருந்து கட்டாருக்குப் போனது என் புருஷன் மட்டும்தான். தம்பி போனதெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வயல் வட்டைக்கும், வட்டையிலிருந்து வீட்டுக்கும். இருபத்தெட்டு வயது ஆம்பிளை இப்படிக் கோழிபோல ஒளிந்து திரிந்தான்.

அவன் சேர்ந்தபோது துரோகி என்று சொன்னவர்களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு அடுப்பு ஒழுங்காக எரிந்தது, சொன்னார்கள். எங்கள் வயல் வெள்ளத்தில் போன வருடம் அது. மேசன் வேலை பழக்குவோம், மாதச் சம்பளம், பிறகு பென்ஷன் என்று ஆள் சேர்க்க வந்தார்கள். அவன் போனான். அம்மா அவனோடு பேசுவதை அன்றே நிறுத்தினார். அதற்கு வேறு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் ரதீஸ், எங்கள் அண்ணன்.

அண்ணனை இயக்கம் கொண்டுபோனபோது பள்ளிக்கூடச் சட்டையோடு போனான். கடைசிச் சண்டை முடிந்த அன்று, வன்னியில் கையை உயர்த்திச் சரணடைந்தவர்களின் வரிசையில் அவனைக் கண்டதாகத் திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். பஸ்ஸில் ஏற்றினார்களாம். அந்த பஸ் எங்கே போனது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அம்மா ஏறாத ஆணைக்குழு இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "யாரிடம் கையளித்தீர்கள்? அதிகாரியின் பெயர் என்ன? வாகன இலக்கம் என்ன?" அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவர் அப்போது இங்கே நெல் அவித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் பதில் தெரியாதது தன் குற்றம் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வருவார். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றார்கள், நட்டஈடு தருகிறோம் என்றார்கள். அம்மா இரண்டையும் வாங்கவில்லை.

தம்பி ஓடி வந்ததும் அம்மாவால்தான். காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவுக்கு முன்னால் படங்களோடு இருந்த ஒரு நாள், யாரோ பெரிய ஆள் அந்த வழியால் வருகிறாரென்று வீதியோரம் ஆமியை நிறுத்தியிருந்தார்கள். அந்த வரிசையில் சீருடையோடு என் தம்பி. அவனுக்கு நேர் எதிரே அம்மா. கூப்பிடவில்லை, ஏசவில்லை, அழவுமில்லை. கையிலிருந்த அண்ணனின் படத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தி அவன் பக்கம் திருப்பிப் பிடித்தாராம். அடுத்த லீவில் வந்த தம்பி திரும்பிப் போகவில்லை. அம்மா அந்தச் சீருடையை அடுப்பில் வைத்துவிட்டு, அதே நெருப்பில் அவனுக்குச் சோறாக்கினார்.

அதற்குப் பிறகு ஆர்த்திகாவைக் கட்டினான். இப்போது அவள் நிறைமாதக்காரி.

இடையில் ஒரு பொதுமன்னிப்பு வந்தது. லீவு எடுக்காமல் நிற்கிறவர்கள் தங்கள் படைப்பிரிவுக்குப் போய்க் கையெழுத்து வைத்தால் சட்டப்படி விலகலாம், தண்டனை இல்லை என்று வானொலியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் அவனுடைய உடுப்பையே பையில் அடுக்கிவிட்டேன். அம்மா வாசலில் குறுக்கே இருந்துவிட்டார்.

"அம்மா, இது வேற. போய் கையெழுத்து வெச்சா விட்டுடுவாங்க," என்றேன்.

"அண்டைக்கும் இதத்தானகா சொன்னாங்க. பதிஞ்சிட்டு விடுவம் எண்டு."

"அது சண்டைக்காலம்!"

"போய்க் குடு எண்டு சொல்லாத புள்ள. நான் பெத்த ஒண்டு போய்க் குடுத்துத்தான் போனது."

 சட்டம் தெரிந்தவன் இதைக் கேட்டுச் சிரிப்பான். சரணடைந்தவன் திரும்பி வராத வீட்டில் இருந்து பார்த்தால் சிரிப்பு வராது. தம்பி பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தான். மன்னிப்புக் காலம் முடிந்தது, தேடிப் பிடிக்கிற காலம் வந்தது.

இனி இந்த வைகாசிக்கு வருகிறேன்.

எங்கள் கண்ணகி அம்மன் கோயிலில் பல வருடத்துக்குப் பிறகு கொம்பு விளையாட்டு வைத்தார்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் இரண்டாகப் பிரியும். ஒன்று தென்சேரி, அம்மனின் கட்சி. மற்றது வடசேரி, அம்மனின் புருஷனுடைய கட்சி. வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, இரண்டு பக்கமும் கயிறு கட்டி இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. வென்றவர்கள் தோற்றவர்களைப் பாட்டாலே ஏசுவார்கள். அந்த ஏச்சை இங்கே எழுத முடியாது. தோற்றவனின் கொப்பாட்டன் வரைக்கும் இழுத்துக் கிழிப்பார்கள். அதற்கு ஒருவரும் கோபிக்கக் கூடாது. ஏசினால்தான் அம்மன் குளிர்ந்து மழை தருவாள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

எங்கள் ஊரில் தென்சேரிக் கயிற்றின் முதல் பிடி எங்கள் அப்பாவுடைய குடும்பத்தின் மூத்த ஆம்பிளைக்கு. அப்பா இருந்தவரை அப்பா பிடித்தார். அவருக்குப் பிறகு அது ரதீஸ் அண்ணனின் இடம். இந்த முறை கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் வினாயகமூர்த்தி ஐயா வீட்டுக்கு வந்து, ஆளில்லாத பிடியை வேறு குடும்பத்துக்குக் கொடுக்கலாமா என்று தன்மையாகத்தான் கேட்டார். அம்மாவின் முகம் மாறியது.

"என்ட மூத்தவன்ட இடம் அது. அவன் வரும்வரைக்கும் இளையவன் பிடிப்பான்," என்றார்.

பொதுமன்னிப்புக்குப் போக விடாத அதே அம்மாதான் அவனைப் பட்டப்பகலில் கோயில் வெளிக்கு அனுப்பினார். எனக்கு வந்த கோபத்துக்குத் தையல் மெஷினில் ஊசியை முறித்தேன். "ஆரு நம்மட ஊருக்குள்ள வரப்போறா?" என்றார் அம்மா. ஆர்த்திகாவும் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மச்சாள், நானும் பாக்கணும்" என்று வந்து நின்றாள். அவள் தகப்பன் சீனித்தம்பி வடசேரி. புருஷனும் தகப்பனும் எதிரெதிராக இழுப்பதைப் பார்க்கிற ஆசை அவளுக்கு.

பொழுது சாய்கிற நேரம் வடசேரிக் கொம்பு படீரென்று முறிந்தது. நான் தம்பி சிரித்துப் பார்த்து எவ்வளவோ காலம். அன்று சிரித்தான். முறிந்த கொம்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மாமனாருக்கு முன்னால் போய் ஆடி ஆடி ஏச்சுப் பாட்டைத் தொடங்கினான். சீனித்தம்பி மாமாவும் விடுவாரா? சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாடா, உன்ட கொப்பனையே கண்டவன்டா நான்!" என்று நெஞ்சால் முட்டினார். சனம் ஓவென்று கத்தியது. ஆர்த்திகா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள்.

திருவிழாப் பாதுகாப்புக்கு வந்திருந்த பொலிஸ்காரர்கள் புதிதாக மாற்றலாகி வந்தவர்கள். தமிழ் தெரியாது. வயதானவரை ஒரு இளந்தாரி தடியால் அடிக்கப் போகிறான், ஊர் இரண்டுபட்டு நிற்கிறது என்றுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. விசில் ஊதி உள்ளே பாய்ந்தார்கள். பெடியன்கள் தள்ள, அவர்கள் தள்ள, விளையாட்டு உண்மையான சண்டையாகவே மாறிவிட்டது. கையில் கொம்போடு நின்றவனைத்தான் முதலில் பிடித்தார்கள். இன்னும் சில பேரையும் சேர்த்து ஜீப்பில் ஏற்றினார்கள்.

அம்மா அந்த ஜீப்புக்குப் பின்னால் ஓடினார். செருப்பு ஒன்று வழியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

மறுநாள் காலையில் பொலிஸ் நிலையத்தில் பாதி ஊர் நின்றது. பொறுப்பதிகாரி சிங்களவர், வயதாளி, கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கு மொழிபெயர்க்க றுஸ்தி என்ற கொன்ஸ்டபிள் இருந்தார், ஏறாவூர்க்காரர். வண்ணக்கர் கொம்பு விளையாட்டைத் தொடக்கத்திலிருந்து விளக்கினார். அதிகாரி கேட்டதை றுஸ்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"அப்ப மாமனாரத் தூசணத்தால ஏசுறது சாமி கும்பிடுறதா எண்டு கேக்கார்."

"ஓம் ஐயா!" சீனித்தம்பி மாமா முன்னுக்கு வந்தார். "என்ட மருமகன் என்ன ஏசாட்டித்தான் எனக்கு மரியாதக்கேடு."

அதிகாரி சிரித்துவிட்டார். எங்களுக்கும் மூச்சு வந்தது. பொது இடத்தில் குழப்பம் விளைவித்ததாகச் சின்ன வழக்கு ஒன்று இருக்கும், நீதவான் தண்டம் போடுவார், கட்டினால் முடிந்தது, இப்போது பிணையில் போகலாம் என்றார். ஒவ்வொருவரும் அடையாள அட்டையைக் காட்டினால் போதும்.

போதும்! ஆமியில் சேர்ந்த அன்றே தம்பியின் அட்டையை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவனிடம் பெயரை நிரூபிக்க ஒரு துண்டும் இல்லை. மற்ற வீட்டுக்காரர் அட்டைகளை நீட்டி நீட்டித் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் கம்பிக்குப் பின்னால் தம்பி மட்டும் நின்றான். சட்டையில் பொத்தான் இல்லை. ஆர்த்திகாவின் கை என் கையை நெரித்தது.

அப்போது அம்மா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார். பொலித்தீன் உறையில் சுற்றிய ஒரு பழைய அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இந்தாங்க ஐயா, என்ட மகன்ட ஐசி."

எட்டிப் பார்த்தேன். பரீட்சைக்காக எடுத்த ரதீஸ் அண்ணனின் அட்டை. காந்திப் பூங்காவுக்கு அம்மா கொண்டுபோகிற படம் இதிலிருந்துதான் பெருப்பித்தது. பதினாறு வயது அண்ணனும் இப்போதைய தம்பியும் ஒரே முகவெட்டு. வெயிலில் காய்ந்து தாடி விட்டிருந்த தம்பியைப் பார்த்தால் அட்டையில் உள்ள வயதையும் நம்பலாம்போல இருந்தது.  அதிகாரி அட்டையையும் அவனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கதவைத் திறக்கச் சொன்னார். தம்பி வெளியே வந்தான்.

பெயரை எழுதப் போன றுஸ்திதான் பேனாவை நிறுத்தினார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, இந்தப் பேர் எனக்குத் தெரியும். போன வருஷம் நீங்க குடுத்த முறைப்பாட்ட நான்தானே எழுதின. காணாமப் போன மகன் இவர்தானே?"

 அதிகாரி என்னவென்று கேட்டார். றுஸ்தியால் மறைக்க முடியவில்லை, சொன்னார். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து நீளமாக ஏதோ சொன்னார். றுஸ்தி அதைத் தமிழில் சொல்லும்போது எங்களை யாரையும் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இவர் ரதீஸ் எண்டா நல்ல விஷயம்தானாம். ஆள் கிடைச்சிட்டார் எண்டு நீங்க ஒரு வாக்குமூலம் தரணும். அந்த முறைப்பாட்ட மூடணும், கொழும்புக்கும் அறிவிக்கணும்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, விளங்கித்தானே சொல்றீங்க? மூடினா மூடினதுதான். மறுகா அந்தப் பேரில ஆரையும் தேட ஏலாது."

 சான்றிதழ் வேண்டாம், காசு வேண்டாம், பிள்ளைதான் வேண்டும் என்று வெயிலில் கிடந்து தலை நரைத்த மனுஷி அவர். அவரிடம் ஒரு பிள்ளையைக் கொடுத்து மற்றதை எடு என்கிறார்கள். நான் அம்மாவைக் காலம் முழுக்க ஏசியிருக்கிறேன். பிடிவாதக்காரி, செத்தவனுக்காக உயிரோடு இருக்கிறவனைக் கவனிக்காதவள் என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். அன்று அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அம்மா கம்பியருகே நின்ற தம்பியைப் பார்த்தார். ஆர்த்திகாவின் வயிற்றைப் பார்த்தார்.

"குடுங்க, கையெழுத்து வெக்கிறன்," என்றார். "கிடைச்சிட்டான் ஐயா. என்ட ரதீஸ் கிடைச்சிட்டான்."

அது பொய் சொல்கிறவரின் குரல் இல்லை. அந்தச் சொல்லைச் சொல்ல அவர் அத்தனை வருடம் காத்திருந்திருக்கிறார். வாயில் வந்ததும் ஒரு நிமிடம் அது உண்மையாகவே ஆகிவிட்டது. முகம் அப்படியே மலர்ந்தது. கண்ணால் நீர் ஓடியது. றுஸ்தி கடதாசியை எழுதி முடித்து நீட்ட, அம்மா பேனாவைப் பிடித்துத் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார்.

"நான் ரதீஸ் இல்ல, சேர்."

தம்பி சொன்னான். பிறகு குதிகால் இரண்டையும் சேர்த்து நிமிர்ந்து நின்று, சிங்களத்தில் தன் படை இலக்கத்தையும் படைப்பிரிவையும் பெயரையும் சொன்னான். அவ்வளவு காலம் ஒளிந்திருந்தவனின் உடம்பு அந்த நிற்பை மறக்கவில்லை.

அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. அவன் நின்ற நிலையைப் பார்த்தே விளங்கிவிட்டது. பேனாவை எறிந்துவிட்டு ஓடிப்போய் அவன் நெஞ்சில் அடித்தார்.

"பாவி! என்னத்தடா சொன்ன? உனக்காக அவனக் குடுத்தனேடா! பெத்த வயித்தால குடுத்தனே!"

அவன் அடியை வாங்கிக்கொண்டு நின்றான்.

"அம்மா, அண்ணன் ஒரு நாளைக்கு வந்தானெண்டா எந்தப் பேரில வருவான்?" என்றான். "அந்தப் பேரையும் நான் எடுத்திட்டா அவனுக்கு என்னம்மா இரிக்கு? நான் மறியலில கம்பிக்குள்ள கிடந்தாலும் எங்க இரிக்கன் எண்டு உங்களுக்குத் தெரியும். வந்து பாப்பீங்க."

அம்மாவின் கை அவன் நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

றுஸ்தி அதைப் பொறுப்பதிகாரிக்குச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி அந்தக் கடதாசியைக் கிழித்தார். அண்ணனின் அட்டையை விரலால் தள்ளி அம்மா பக்கம் விட்டார். இந்த அட்டையைத் தான் காணவே இல்லையாம், றுஸ்தி சொன்னார். ஆனால் ஓடி வந்த ஆமிக்காரனை மட்டும் காணாமல் விட அவருக்கு வழியில்லை. தொலைபேசியை எடுத்தார்.

மத்தியானம் இராணுவப் பொலிஸ் வந்தது. தம்பிக்கு விலங்கு மாட்டினார்கள். ஆர்த்திகா ஓடிப்போய் அவன் சட்டையை இழுத்துப் பொத்தினாள். பொத்தான் இல்லாததால் அது திரும்பவும் விலகியது. "போய் இரு, நிக்காத. கால் வீங்கும்," என்றான்.  மாமனார் சுவரோடு சாய்ந்து நின்று, முதல் நாள் மருமகனோடு முட்டிய அதே நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

அம்மா வாகனத்துக்கு முன்னால் போய் நின்றார். நான் கதறப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கதறவில்லை.

"மகன், வந்திரிக்கிற பெரியவர்ர பேர் என்னவாம்? கேட்டுச் சொல்லுங்க," என்று றுஸ்தியைக் கேட்டார்.

றுஸ்தி கேட்டுச் சொன்னார்.

"எந்த முகாமுக்குக் கொண்டுபோறாங்களாம்?"

அதையும் கேட்டுச் சொன்னார். வந்த சார்ஜனுக்குப் பொறுமை போய்விட்டது, கையை வீசினான். அம்மா அசையவில்லை. குனிந்து வாகனத்தின் இலக்கத் தகட்டைப் பார்த்தார். அவருக்கு இலக்கம் வாசிக்க வரும், இங்கிலீஸ் எழுத்து வராது.

"கம்சாயினி, முதல் எழுத்து என்னகா?"

சொன்னேன். அடுத்ததையும் சொன்னேன். பிறகுதான் வழிவிட்டார். வாகனம் வாவிப் பக்கமாகத் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. தேவாரம் சொல்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். வீட்டு முற்றத்தில் சனம் கூடியிருந்தது. ஒப்பாரிக்கு வாயெடுத்த பெண்களை அம்மா கையால் நிறுத்தினார். திண்ணென்று நடந்து உள்ளே போய், அண்ணனின் அட்டையைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, என்னையும் ஆர்த்திகாவையும் கூப்பிட்டு முன்னால் இருத்தினார்.

"நான் எத்தின நாளைக்கு இரிப்பன் எண்டு தெரியா. நாளைக்கு ஆரும் உங்களிட்டக் கேப்பாங்க. ஆரிட்டக் கையளிச்ச, என்ன பேர், என்ன வாகனம் எண்டு கேப்பாங்க. எனக்கு அண்டைக்குச் சொல்லத் தெரியாமப் போயிட்டு. நீங்க சொல்லணும். சொல்லுங்க பாப்பம்."

"அம்மா, அவன் மறியலுக்குத்தான் போறான். அடுத்த கிழமையே போய்ப் பாக்கலாம்," என்றேன்.

"சொல்லுகா."

ஆர்த்திகா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். அதிகாரியின் பெயர், முகாமின் பெயர். வாகன இலக்கத்தை நான் எடுத்தேன். முதல் எழுத்திலேயே என் குரல் உடைந்துபோனது.

"திரும்பச் சொல்லு," என்றார் அம்மா.